நிழல்ல புல்லு வரலயா? வைல்ட் ஜிஞ்சர் வாங்கி நட்ட அனுபவம், நியூஜெர்சிலேர்ந்து ஒரு ரிவ்யூ

அவசரத்துல படிக்கறவங்களுக்காக முடிவ முதல்லயே சொல்லிடறேன். வீட்டுக்குப் பின்னாடி பெரிய மரம் நிக்குது, கீழ வெயிலே விழறதில்ல, வருஷா வருஷம் புல்லு விதை வாங்கித் தூவி காசு தான் கரையுதுன்னு இருக்கறவங்க தாராளமா வைல்ட் ஜிஞ்சர் வைக்கலாம். அருமையான செடி. ஆனா அத எங்க வாங்கறோம், எந்த ரூபத்துல வாங்கறோம்ங்கறதுல தான் விஷயமே இருக்கு. ஒரே பேர்ல இங்க மூணு நாலு விதமா விக்கறாங்க, அதுல ஒண்ண வாங்கவே கூடாதுங்கறது என் உறுதியான கருத்து. ஏன்னு கீழ விளக்கமா எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நாங்க இருக்கறது எடிசன் பக்கம். பழைய வீடு, பேக்யார்டுல ஒரு ஓக் மரம், ரெண்டு நார்வே மேப்பிள். இந்த நார்வே மேப்பிள் இருக்கே, அது இந்த மண்ணு மரமே இல்ல, ஐரோப்பாலேர்ந்து கொண்டு வந்து தெருவுக்கு நிழலுக்காக ஊர் ஊரா நட்டது. இல ரொம்ப அடர்த்தி, வேர் மேல் மண்ணுலயே பின்னிப் பரவிக் கிடக்கும், அதனால கீழ இருக்கற செடிக்கு வெயிலும் கிடையாது தண்ணியும் கிடையாது. ஜூன் மாசம் வந்தா வெறும் மண்ணு தான் தெரியும், மழ பேஞ்சா அந்த மண்ணு பேட்டியோ வரைக்கும் ஓடி வரும். லான் சர்வீஸ்காரங்கள கேட்டா எல்லாரும் ஒரே பதில் தான், பேக்கிசாண்ட்ரா போடுங்க, இல்லன்னா விங்கா போடுங்க, இல்லன்னா ஐவி. மூணுமே தரையில படர்ற செடி, வேகமா மூடும், மறுக்கல. ஆனா ஐவி மரத்து மேல ஏறி மரத்தையே அமுக்கும், விங்கா வேலி தாண்டி பக்கத்து காட்டுக்குள்ள போயிடும், பேக்கிசாண்ட்ரா ஜப்பான் பக்கத்துலேர்ந்து வந்தது, இங்க இருக்கற பூச்சிக்கும் வண்டுக்கும் அதனால பெருசா பிரயோஜனம் கிடையாது, போதாததுக்கு வொலுடெல்லா ப்ளைட்னு ஒரு பூஞ்சை நோய் வந்தா பேட்ச் பேட்சா கருகிப் போகும், எங்க தெருவுலயே அப்படி போன வீடு இருக்கு. அதனால இந்த ஊர் காட்டுலயே இயல்பா இருக்கற செடி தான் வேணும்னு தேடினப்ப தான் வைல்ட் ஜிஞ்சர் கண்ணுல பட்டுது.

தாவரவியல் பேரு அசாரம் கனடென்ஸ். டேக்ல இந்த முழுப்பேரையும் பாத்து வாங்கணும், இது ரொம்ப முக்கியம், பின்னாடி சொல்றேன். வடக்க கனடாவுல கியூபெக், மானிடோபா வரைக்கும், தெக்க அலபாமா பக்கம் வரைக்கும் இலையுதிர் காடுகள்ல தரையோட தரையா இருக்கற செடி இது. உயரம் அரை அடியிலேர்ந்து முக்கால் அடிக்குள்ள தான். கிழங்கு மண்ணுக்கு மேலாக்குலயே படுத்து நகந்து போகும், அதோட நுனியிலேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு இல ஜோடியா கெளம்பும். இல பாக்கறதுக்கு வெத்தல மாதிரி தான், ஆனா நுனி கூரா இருக்காது, அகலம் 4 லேர்ந்து 6 இன்ச் வரைக்கும் போகும், பளபளப்பு கிடையாது, மேல தடவிப் பாத்தா மெத்துனு இருக்கும், காம்பு முழுக்க நுண்ணுசா வெள்ள ரோமம். ஏப்ரல்ல வெளிய வரும்போது ரெண்டு இலயும் ஒண்ணோட ஒண்ணு மடிஞ்சு ஒட்டிக்கிட்டு வெளிறின பச்சையா வரும், ஒரு வாரம் நல்லா சூடு புடிச்சா விரிஞ்சிடும்.

பூவ பாக்கணும்னா முட்டி போட்டு குனிஞ்சு இலய ஒதுக்கித் தான் பாக்கணும். ரெண்டு காம்பும் பிரியற இடத்துல ஒரே ஒரு பூ, மண்ணோட ஒட்டிக் கிடக்கும். ஒரு இன்ச் அகலம், அடர் பழுப்பு கலந்த ரத்தச் சிவப்பு, மூணு கூரான மடல் பின்னாடி வளைஞ்சு இருக்கும், உள்ள வெளிறிப் போய் வெள்ளையா ஒரு வளையம். இதழ்னு தனியா கிடையாது, அந்த மூணும் புல்லிவட்டம் தான். வெளிலேர்ந்து நிமிந்து நின்னு பாக்கறவங்களுக்கு இப்படி ஒரு பூ இருக்கறதே தெரியாது. பூவுக்காக தோட்டம் போடறவங்களுக்கு இது ஏமாத்தமா இருக்கலாம், எனக்கு என்னவோ தோட்டத்துலயே ரொம்ப புடிச்ச பூ இது தான், பசங்க ஏப்ரல் கடைசில தேடித் தேடி எண்ணுவாங்க.

சரி, வாங்கற விஷயத்துக்கு வரேன்.

முதல் வழி ஆன்லைன்ல பேர் ரூட். அதாவது தொட்டி மண்ணு எதுவும் இல்லாம கிழங்க மட்டும் ஈரப் பேப்பர்லயோ பாசிலயோ சுத்தி கவர்ல போட்டு அனுப்பறது. வில ரொம்ப கம்மி, ஒரு கிழங்கு 2, 3 டாலர் தான், 25, 50னு கட்டா வாங்கினா இன்னும் கொறையும். பேர் சொல்ல விரும்பல, ஒரு கடையிலேர்ந்து வந்த பார்சல பிரிச்சப்ப எனக்கு மனசே விட்டுப் போச்சு. கிழங்குல பாதி நசுங்கி வழவழன்னு அழுகல் நாத்தம், மீதி காஞ்சு சுள்ளி. அத விட முக்கியமா நான் கவனிச்சது, ஒரு கிழங்கு விரல் தடிமன், இன்னொண்ணு பென்சில் ரீஃபில் தடிமன், நடுவுல வேற ஏதோ பெரணி வேரும் மக்கின ஓக் இலத் துண்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நர்சரி பெட்ல ஒரே சமயத்துல பிரிச்சு வளத்த செடி இப்படி இருக்காது, இது காட்டுலேர்ந்து மம்பட்டி போட்டு அள்ளினதுங்கறது பாத்தாலே தெரியுது. கடைக்கு மெயில் போட்டு நேரடியா கேட்டேன், இது நீங்க பெருக்கினதா காட்டுலேர்ந்து எடுத்ததான்னு. எங்க செடி எல்லாம் நர்சரி க்ரோன்னு ஒரு வரி பதில் வந்துச்சு. இங்க தான் உஷாரா இருக்கணும், நர்சரில வளத்ததுன்னா காட்டுலேர்ந்து புடுங்கி கொண்டு வந்து ஒரு சீசன் வெச்சிருந்தாலும் அப்படி சொல்லிக்கலாம். நர்சரி ப்ராப்பகேட்டட், அதாவது விதையிலேர்ந்தோ தாய்ச் செடிய பிரிச்சோ அவங்களே உண்டாக்கினதுன்னு சொல்றாங்களான்னு பாக்கணும். திரும்ப அதையே கேட்டதுக்கு பதிலே வரல. பணம் கேட்டதுக்கு ஸ்டோர் கிரெடிட் தான் தருவோம்னாங்க.

காட்டுலேர்ந்து எடுத்தா என்னங்க, காட்டுல தான் நெறைய இருக்கேன்னு ஒரு நண்பர் கேட்டாரு. இல்லைங்க, இந்த செடிய பொறுத்தவரைக்கும் அது பெரிய அநியாயம், ஏன்னா இது நகர்ற வேகம் அப்படி. கிழங்கு வழியா வருஷத்துக்கு அரை அடி நகந்தா பெருசு. விதை வழியா பரவணும்னா அதுக்கு எறும்பு வேணும். ஜூன் பக்கம் காய் வெடிக்கும், ஒவ்வொரு விதை மேலயும் எண்ணெய்ச் சத்தோட ஒரு சின்ன சதை ஒட்டிக்கிட்டு இருக்கும், எறும்பு அந்த சதைக்காக விதைய புத்துக்கு இழுத்துட்டுப் போகும், சதைய தின்னுட்டு விதைய குப்பையோட போட்டுடும், அந்த குப்பை நல்ல உரமா இருக்கறதால அங்க முளைக்கும். கேக்க நல்லா இருக்கு, ஆனா ஒரு எறும்பு எவ்வளவு தூரம் போயிடும்? பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மீட்டர். இத வெச்சு 1998ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, இதே அசாரம் கனடென்ஸ் செடிய வெச்சு தான் பண்ணாங்க, எறும்பு ஒரு விதைய அதிகபட்சமா தூக்கிட்டுப் போனதா அவங்க பாத்தது 35 மீட்டர். அந்தக் கணக்குப்படி கடைசி பனியுகம் முடிய ஆரம்பிச்சதுலேர்ந்து இந்த 16,000 வருஷத்துல இந்த செடி 10, 11 கிலோமீட்டர் தான் நகந்திருக்கணும், ஆனா நெஜத்துல பல நூறு கிலோமீட்டர் வடக்க வந்திருக்கு, எப்பவோ அபூர்வமா ஏதாவது மிருகமோ வெள்ளமோ தூக்கிட்டு வந்து போட்டா தான் அப்படி நடந்திருக்க முடியும்னு எழுதியிருந்தாங்க.

இத படிச்சப்புறம் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. நம்ம டவுன்ஷிப் சுத்தி இருக்கற காடு பாதிக்கு மேல ஒரு காலத்துல விவசாய நிலமா இருந்து அப்புறம் விட்டுப் போய் மரம் வளந்தது. மரம் எல்லாம் திரும்ப வந்துடுச்சு, காத்துலயும் பறவையிலயும் விதை வரும். ஆனா இந்த மாதிரி எறும்ப நம்பி இருக்கற தரைச்செடி திரும்ப வரவே இல்ல, வர்றதுக்கு வழியும் இல்ல, நடுவுல ரோடு, பார்க்கிங் லாட், வீடு. அப்படின்னா உழாத பழைய காட்டுல மிச்சம் இருக்கற ஒரு படுகைய 2 டாலருக்காக தோண்டி எடுத்தா அந்த இடம் நம்ம பேரன் காலத்துலயும் நிரம்பாது. அதனால தான் சொல்றேன், வில கம்மின்னு அத வாங்காதீங்க. செத்துப் போகும்ங்கறது ரெண்டாவது காரணம் தான்.

ரெண்டாவது வழி, இந்த மண்ணு செடிய மட்டும் வெச்சு விக்கற சின்ன நர்சரி. நியூஜெர்சி நேட்டிவ் ப்ளாண்ட் சொசைட்டி இந்த மாதிரி நர்சரி லிஸ்ட் ஒண்ணு வெச்சிருக்காங்க, ஜெர்சி ஃப்ரெண்ட்லி யார்ட்ஸ்னு ஒரு சைட்ல எந்த மண்ணுக்கு எந்த வெளிச்சத்துக்கு எந்த செடின்னு தேடியும் பாக்கலாம். நான் போனது டெலவேர் ஆத்துப் பக்கம் ஒரு சின்ன இடம், ரெண்டு பாலித்தீன் கொட்டகை, ஒரு பழைய பார்ன், அவ்வளவு தான். பில் போடறதுக்கு முன்னாடி அந்த அம்மா என்னை கேட்ட கேள்வி, உங்க வீட்டுல என்ன மரம் நிக்குது, மண்ணு கையில புடிச்சா உருண்ட நிக்குதா உதிருதா. ஹோம் டிப்போலயோ லோஸ்லயோ இத யாரும் கேக்க மாட்டாங்க. நார்வே மேப்பிள்னு சொன்னதும் பெரிய தொட்டி எடுக்காதீங்க, அந்த வேருக்கு நடுவுல குழி தோண்ட முடியாது, குவார்ட் சைஸ் எடுங்கன்னு அவங்களே வில கம்மியானத கை காட்டினாங்க. ஒரு தொட்டிய தலைகீழா கவுத்து செடிய உருவிக் காட்டினாங்க பாருங்க, வெள்ள வேர் மண்ண முழுக்க புடிச்சிருந்துச்சு, கிழங்கு தொட்டி ஓரத்துல முட்டி வளைஞ்சு அடுத்த மொட்டு தயாரா இருந்துச்சு, கிள்ளின இடத்துலேர்ந்து இஞ்சி வாசன கூட வந்துச்சு. எங்கேர்ந்து வந்த செடின்னு கேட்டேன், என்னைக் கூட்டிட்டுப் போய் அவங்க பெட்ல இருக்கற தாய்ச் செடியக் காட்டினாங்க. பூச்சிமருந்து நியோனிக் எதுவும் அடிக்கறதில்லன்னும் சொன்னாங்க.

வில குவார்ட் தொட்டி 11 டாலர். பேர் ரூட்டோட ஒப்பிட்டா நாலஞ்சு மடங்கு. ஆனா இத விதையிலேர்ந்து கொண்டு வர்றது லேசுப்பட்ட வேல இல்ல, விதை காஞ்சா போச்சு, பழுத்த உடனே போடணும், ஒரு கோட சூடு, ஒரு குளிர் எல்லாம் பாத்துட்டு தான் முளைக்கும், விக்கற சைஸுக்கு வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். அவ்வளவு வருஷம் தண்ணி ஊத்தி எடம் கொடுத்து வளத்தவங்களுக்கு 11 டாலர் நியாயமான காசு தான். அங்க வாங்கின செடி ஒண்ணு கூட போகல, எல்லாம் நின்னுடுச்சு.

மூணாவது, ப்ளக். லேண்ட்ஸ்கேப்பர்களுக்கு ட்ரே ட்ரேயா விக்கற சின்ன நாத்து, ஒரு ட்ரேல 32, 50னு இருக்கும், ஒண்ணு 3, 4 டாலர் கணக்கு வரும். பெரிய எடம் மூடணும்னா இது தான் கட்டுப்படியாகும், ஆனா ட்ரே கணக்குல தான் கொடுப்பாங்க. அதுக்கு நாங்க பண்ணது, நம்ம தமிழ்ப் பள்ளி வாட்ஸாப் க்ரூப்ல கேட்டேன், மூணு குடும்பம் சேந்தாங்க, ட்ரே பிரிச்சுக்கிட்டோம். மேப்பிள் வேருக்கு நடுவுல சந்து பாத்து சொருகறதுக்கு ப்ளக் தான் சௌகரியம். என்ன, முதல் வருஷம் தண்ணி விஷயத்துல கண்ணும் கருத்துமா இருக்கணும், வேர் கொஞ்சம் தான்ங்கறதால ஒரு வாரம் விட்டா கூட வதங்கிடும். குவார்ட் தொட்டி அந்த அளவுக்கு படுத்தாது.

பெரிய கடைங்கள்லயும் சில சமயம் வைல்ட் ஜிஞ்சர்னு போட்டு வெச்சிருப்பாங்க. இல கண்ணாடி மாதிரி பளபளன்னு கரும்பச்சையா சின்னதா வட்டமா இருந்துச்சுன்னா அது அசாரம் யூரோப்பியம், ஐரோப்பா செடி. இல மேல வெள்ளி நிறத்துல திட்டு திட்டா இருந்தா அது சீனாவோட அசாரம் ஸ்ப்ளெண்டென்ஸ். அழகு தான், சந்தேகமே இல்ல, ஆனா நான் தேடினது அது இல்ல. டேக்ல முழுப்பேர் இல்லன்னா விட்டுட்டு வந்துடுங்க.

நடற விதம். ரொம்ப ஆழமா புதைக்கக் கூடாது, இது தான் முக்கியம். கிழங்க படுக்க வெச்சு மேல அரை இன்ச் மண்ணு, அதுக்கு மேல மக்கின இல ஒரு இன்ச். பேக்ல விக்கற சாயம் போட்ட பார்க் மல்ச்ச மூணு இன்ச் கொட்டினா கிழங்கு மூச்சு முட்டி அழுகிடும். செடிக்கு செடி ஒரு அடி, சீக்கிரம் மூடணும்னா முக்கா அடி. மேப்பிள் வேர்ல கட்டவிரல் தடிமனுக்கு மேல இருக்கறத வெட்டாதீங்க, சன்ன வேர மட்டும் ஒதுக்கிட்டு ஹோரி ஹோரி கத்தியால ஒரு கை அளவு குழி போட்டா போதும். மரத்தடில ரெண்டு மூணு இன்ச் மேல் மண்ணு கொண்டு வந்து கொட்டி மேடாக்கி அதுல நடலாம்னு சிலர் சொல்லுவாங்க, மரத்துக்கு அது ஆகாது, வேர் அந்த மண்ணுக்குள்ளயும் ஏறி வந்துடும், அடுத்த வருஷம் பழைய கததான். மண்ணு பிஹெச் 6 லேர்ந்து 7க்குள்ள இருந்தா ரொம்ப சந்தோஷமா வளரும், சந்தேகமா இருந்தா ரட்கர்ஸ் யுனிவர்சிட்டில மண்ணு டெஸ்ட் பண்ணித் தருவாங்க. முதல் வருஷம் மழ இல்லாத வாரம் ஒரு இன்ச் தண்ணி கணக்கு, சொட்டு ஹோஸ் போட்டுட்டா நிம்மதி.

முதல் வருஷம் பாத்துட்டு என்னடா இது நட்ட மாதிரியே நிக்குதேன்னு தோணும். ரெண்டாவது வருஷமும் ஓரளவுக்கு அப்படித்தான். மூணாவது வருஷத்துல தான் ஒரு செடியோட இல அடுத்த செடி இல மேல ஏறும், நடுவுல மண்ணு தெரியாது, அதுக்கப்புறம் களை புடுங்கற வேலையே கொறஞ்சிடும். எங்க வீட்டுல ஓக் பக்கம் நட்டது ஜம்முன்னு மூடிடுச்சு, மேப்பிள் பக்கம் இன்னும் சந்து சந்தா தான் இருக்கு, அங்க வேர்ப் போட்டி ஜாஸ்தி, அத எதிர்பாத்து தான் நடணும். முன்னாடி பேட்டியோ வரைக்கும் ஓடி வந்த மண்ணு ஓக் பக்கத்துலேர்ந்து இப்ப வர்றதே இல்ல, கிழங்கு பின்னிப் புடிச்சுக்குது.

வறட்சிய தாங்குமான்னு கேக்கறவங்களுக்கு 2024 ஃபால் தான் பதில். அந்த அக்டோபர் மாசம் நியூஜெர்சி ரெக்கார்டுலயே ரொம்ப வறண்ட மாசம், நவம்பர் 13ஆம் தேதி ஸ்டேட் முழுக்க ட்ரௌட் வார்னிங்கே போட்டாங்க, ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் கடைசிலேர்ந்தே இல எல்லாம் மதியத்துல காம்பு மடங்கி தரையோட படுத்துடும், சாயங்காலம் ஊத்தினா காலைல எழுந்து நிக்கும். செப்டம்பர் பாதிக்கு மேல மேப்பிள் பக்கம் மஞ்சளடிச்சு சீக்கிரமே உள்ள போயிடுச்சு. அடுத்த ஏப்ரல்ல என்ன ஆகுமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன், அத்தனையும் திரும்ப வந்துச்சு. கிழங்குல சேத்து வெச்சிருக்கறது கைவிடல. ஆனா தொடர்ந்து காய விட்டா எடம் விட்டுக் கொடுத்துடும், காஞ்ச மணல் மண்ணுக்கு இது ஏத்த செடி இல்ல, அங்க பென்சில்வேனியா செட்ஜ்னு ஒரு கோர வகை இருக்கு, கேரெக்ஸ் பென்சில்வானிக்கா, அது தேவல.

குறைன்னு சொன்னா ரெண்டு. ஒண்ணு நத்தை, ஓடில்லாத ஸ்லக். மழ தொடர்ந்து பேஞ்சா மே ஜூன்ல இலய ஓட்ட ஓட்டையா பண்ணிடும். அயர்ன் பாஸ்ஃபேட் குருணை தூவினா கொறையும், செடி சாகற அளவுக்கு ஒண்ணும் ஆகாது, பாக்க தான் கஷ்டமா இருக்கும். ரெண்டாவது குளிர்காலம். முதல் உறைபனிக்கு இல எல்லாம் சாஞ்சு மறைஞ்சிடும், நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் தரை வெறும் தரை தான். பேக்கிசாண்ட்ரா மாதிரி பனிக்கு நடுவுலயும் பச்சையா இருக்காது. இதுக்கு நான் பண்ணியிருக்கறது நடுவுல நடுவுல கிறிஸ்மஸ் ஃபெர்ன், அது இந்த ஊர் பெரணி தான், டிசம்பர்லயும் பச்சையா நிக்கும். கூட ஃபோம்ஃப்ளவர், அப்புறம் வர்ஜீனியா ப்ளூபெல்ஸ். ப்ளூபெல்ஸ் ஏப்ரல்ல நீலமா பூத்துட்டு ஜூன்ல காஞ்சு மறையும்போது கரெக்டா வைல்ட் ஜிஞ்சர் இல பெருசாகி அந்த எடத்த மூடிக்கும், ரெண்டும் அவ்வளவு பொருத்தம்.

மான் தொல்லை இருக்கறவங்களுக்கு நல்ல சேதி, இத மான் பொதுவா தொடறதில்ல. எங்க ஹோஸ்டா எல்லாம் ஒரே ராத்திரில மொட்டையாச்சு, பக்கத்துலயே இருந்த இதுல ஒரு கடி கூட இல்ல. ப்ளாக் வால்நட் மரத்தடில பல செடி நிக்காது, அங்கயும் இது தாக்குப் புடிக்கும்.

மான் தொடாததுக்கு காரணம் இருக்கு, இந்தப் பகுதிய தயவு செஞ்சு எல்லாரும் படிங்க. ஊர்லேர்ந்து அம்மா வந்திருந்தப்ப கிழங்க கிள்ளி மோந்து பாத்துட்டு, இஞ்சி வாசன தானே வருது, ஒரு துண்டு டீல தட்டிப் போட்டா என்னன்னு கேட்டாங்க. வேணாம்மா, தொடவே தொடாதீங்கன்னு கைய புடிச்சு தடுத்தேன். வாசன மட்டும் தான் இஞ்சி, இது இஞ்சிக் குடும்பமே இல்ல. இது நம்ம ஊர் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி ரெண்டும் சேந்த அரிஸ்டோலோக்கியா குடும்பம். அம்மாவுக்கு அது உடனே புரிஞ்சுது, ஆடுதீண்டாப்பாளைய ஆடு கூட மேயாது, கொல்லைல நெறைய பாத்திருக்கேனேன்னாங்க. அந்த குடும்பத்துல இருக்கற அரிஸ்டோலோக்கிக் ஆசிட் இதுலயும் இருக்கு, கிட்னிய நிரந்தரமா கெடுக்கும், கேன்சர் வரவைக்கும், உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு இத சந்தேகத்துக்கு இடமில்லாத முதல் பிரிவுல வெச்சிருக்கு. 1990கள் ஆரம்பத்துல பெல்ஜியத்துல ஒடம்பு எளைக்கறதுக்குன்னு கொடுத்த மூலிகை மாத்திரைல இந்த அரிஸ்டோலோக்கியா கலந்து பல பெண்களுக்கு கிட்னி ஃபெயிலியர் ஆச்சு, 2001ல அமெரிக்காவோட எஃப்டிஏவும் எச்சரிக்கை விட்டுச்சு. இந்த ஊர்ல அந்தக் காலத்துல இஞ்சிக்கு பதிலா இத சமையல்ல போட்டாங்கன்னு யூட்யூப்ல காட்டறாங்க, ஃபோரேஜிங் வீடியோ பாத்துட்டு யாரும் முயற்சி பண்ணாதீங்க. சின்ன பசங்க எதையும் வாயில போடற வயசுல இருந்தா ரெண்டு வருஷம் கழிச்சு நடுங்க. நட்டு முடிச்சதும் கைய நல்லா கழுவிடுங்க, அது போதும், தொட்டதுக்கெல்லாம் பயப்பட வேணாம்.

வாங்கறதுக்கு முன்னாடி நேர்ல பாக்கணும்னா பென்சில்வேனியா நியூ ஹோப்ல பௌமன்ஸ் ஹில் வைல்ட்ஃப்ளவர் ப்ரிசர்வ் இருக்கு. 1934ல ஆரம்பிச்சது, 134 ஏக்கர், முழுக்க இந்த பகுதி காட்டுச்செடி தான். எடிசன்லேர்ந்து ஒரு மணி நேர ட்ரைவ், குடும்பத்தோட போயிட்டு வரலாம், ஏப்ரல் கடைசி மே முதல்ல போனா பூக்கற சமயம். அங்கயே செடியும் விக்கறாங்க.

ரேட்டிங் கேட்டா, செடிக்கு 5க்கு நாலரை, அந்த அரை மார்க் குளிர்காலத்துக்கு கொறச்சது. சின்ன நர்சரி குவார்ட் தொட்டிக்கும் அங்க கிடைச்ச கவனிப்புக்கும் முழுசா 5. ப்ளக்குக்கு 4. பேர் ரூட்டுக்கு 1 கூட கொடுக்க மனசு வரல, விதையிலேர்ந்தோ பிரிச்சோ பெருக்கினதுன்னு எழுத்துல உறுதி கொடுக்கற கடையா இருந்தா மட்டும் யோசிக்கலாம். வாங்க நல்ல சமயம் ஏப்ரல் மே, இல்லன்னா செப்டம்பர் ஃபால் சேல், ஜூலை வெயில்ல வாங்கி நடாதீங்க. ஒரே தடவைல எல்லா எடத்துக்கும் வாங்கணும்னு இல்ல, பத்து தொட்டி வாங்கி நல்ல மண்ணுல வெச்சுட்டா மூணு நாலு வருஷத்துல அதுவே நாத்தாங்கால் ஆகிடும். ஏப்ரல் ஆரம்பத்துல இல விரியறதுக்கு முன்னாடி கிழங்க ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் ஒரு மொட்டும் கொஞ்சம் வேரும் இருக்கற மாதிரி பாத்து அடுத்த எடத்துல வெக்க வேண்டியது தான். எங்க ஓக் பக்கம் இப்ப பிரிக்கற அளவுக்கு இருக்கு, எடிசன், பிஸ்கட்டவே, ஐசலின் பக்கம் இருக்கறவங்க யாருக்காவது வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, ஏப்ரல்ல ஆளுக்கு அஞ்சாறு துண்டு தரேன், காசெல்லாம் வேணாம்.